வேலைத்தள ஆன்மிகத்தை எந்த முறையால் ஆய்வது? (தோட்டங்களை வைத்து ஒரு விவாதம்)

மேட்டுலயம்

முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. தலைப்பு ‘தேயிலைத் தோட்டங்களில் வேலைத்தள ஆன்மிகமும் வேலைத் திருப்தியும்’. நுவரெலியா மாவட்டத்தில் 3 தோட்டங்கள், செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டில்) ஏறத்தாழ 1500 பேர். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணைப்படி மாதிரி 306. வேலைத்தள ஆன்மிகத்தை அளக்க மில்லிமன் குழுவினர் 2003இல் வெளியிட்ட வினாக்களைத் தமிழாக்கி, 5 புள்ளி அளவில் கேட்டு, எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருளில் பின்னடைவுப் பகுப்பாய்வு (ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) செய்வதாக முன்மொழிவு எழுதியாயிற்று. கையில் 6 மாதம். மேற்பார்வையாளர் சரி என்கிறார். நேர்காணலும் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரட்டுக்களம்

நேர்காணல் சேர்ப்பது பிறகு பார்க்க வேண்டியது, தம்பி. முதலில் ஒன்றுக்கு விடை சொல்லுங்கள்: தோட்டத்தில் ‘வேலைத்தளம்’ எங்கே முடிகிறது?

நீங்கள் எடுத்த அளவுகோலில் மூன்று கூறு இருக்கிறது. வேலையில் அர்த்தம் காண்பது, கூட வேலை செய்பவர்களோடு ஒட்டுறவு, நிறுவனத்தின் விழுமியங்களோடு ஒத்துப்போவது. ஆஷ்மோசும் டூஷோனும் 2000இல் அமைத்த அளவுகோலின் வழியில் வந்தது அது. காலையில் வீட்டை விட்டு ஓர் அலுவலகத்துக்குப் போய் மாலையில் வேறோர் உலகத்துக்குத் திரும்பும் ஆளை மனதில் வைத்து எழுதிய வினாக்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கதை வேறு. பக்கத்துக் காம்பராக்காரிதான் (அறைக்காரிதான்) பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறாள். அவள் நாத்தனாராகவும் இருப்பாள். வேலை வாங்கும் கங்காணி கோயில் கமிட்டியில் இருப்பார். கோயில் சந்தா செக்ரோலிலேயே கழிகிறது. ஒட்டுறவுக் கூறில் சராசரி 4.6 வந்தால், அது வேலையிடத்து உறவா, லயத்து உறவா, சாதிசன உறவா? வினாக்கொத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாம் கூறு இன்னும் மோசம். ‘நிறுவனம்’ என்ற சொல்லை எப்படிப் போடப் போகிறீர்கள்? ‘தோட்டம்’ என்றால் பிறந்த ஊரைப் பற்றிய பதில் வரும். ‘கம்பனி’ என்றால் சம்பளப் பேச்சுவார்த்தையின் சூடு வரும். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனதிலிருந்து கம்பனி என்பது கொழும்பில் இருக்கும் ஒன்று. ‘நிர்வாகம்’ என்றால் பெரியதுரையின் (தோட்ட முகாமையாளரின்) குணத்தைப் பற்றிய பதில். ஒரே வினாவுக்கு மூன்று விடை. அந்த அளவுகோலில் நிறுவனத்துக்கு மனசாட்சி உண்டு என்ற கருத்தில் ஒரு வினா இருக்கிறதே, அதை அப்படியே மலையில் வாசித்துப் பாருங்கள். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாகும்.

எண்கணக்கு

கருத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும், நான் 306க்கு வருகிறேன். அந்த 1970ஆம் ஆண்டு அட்டவணை எளிய எழுமாற்று மாதிரிக்கானது, அதுவும் ஒரு விகிதத்தை மதிப்பிட. இலங்கையில் முகாமைத்துவ ஆய்வேடுகளில் அது திருநீறு மாதிரி, பூசாமல் யாரும் வெளியே வருவதில்லை. ஆனால் நீங்கள் 1500 பேரில் சீட்டுக் குலுக்கப் போவதில்லை. கங்காணிமார் கையிலுள்ள கூட்டங்களைத் தெரிந்து, கூட்டத்துக்கு இத்தனை பேர் என்று எடுப்பீர்கள். அது கொத்து மாதிரி.

ஒரே கூட்டத்தில் வேலை செய்பவர்களின் பதில் ஒன்றுபோல் இருக்கும். ஒரே கங்காணி, ஒரே மலை, ஒரே மழை. அந்த ஒற்றுமையின் அளவை 0.1 என்று வையுங்கள். கூட்டத்துக்கு 20 பேர், 15 கூட்டம், மொத்தம் 300. வடிவமைப்பு விளைவு = 1 + (20 − 1) × 0.1 = 2.9. 300ஐ 2.9ஆல் வகுத்தால் 103. அதாவது 300 பேரிடம் கேட்டு 103 பேரின் தகவல்தான் கிடைக்கிறது. பிழை எல்லை ±5.7 சதவீதம் என்று எழுதுவீர்கள், உண்மையில் ±9.7.

திருத்துவது சுலபம். 30 கூட்டம், கூட்டத்துக்கு 10 பேர். விளைவு 1.9ஆகும், பயனுள்ள மாதிரி 158. உழைப்பு ஏறக்குறைய அதே, நடை மட்டும் கூடும். பகுப்பாய்விலும் பன்மட்ட மாதிரியுரு (ஆளையும் கூட்டத்தையும் தனித்தனி மட்டமாக எடுக்கும் கணக்கு) போடுங்கள். குறைந்தது, கூட்டத்தைக் கொத்தாகக் காட்டித் திருத்திய நியமப் பிழையையாவது போடுங்கள்.

இன்னொன்று. செக்ரோலை மாதிரிச் சட்டகமாக எடுத்தால் கைக்காசுக்கு வருபவர்கள் (பதிவில்லாமல் ரொக்கக் கூலிக்கு வருபவர்கள்) விடுபடுவார்கள். வேலையைத் தோட்டத்தோடு சேர்த்து நினைக்காமல் போகக் கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு அர்த்தம், ஒட்டுறவு பற்றி முடிவு சொன்னால் முடிவு தானாகவே இனிப்பாக இருக்கும்.

கொழுந்துமடுவம்

வினாக்கொத்தை எடுக்க முன் 10 நாளாவது மலையில் நில்லுங்கள். ‘பங்குபற்றல் அவதானிப்பு’ என்று எழுதிவிட்டுக் கோயில் திருவிழாவில் படம் எடுப்பதைச் சொல்லவில்லை. வேலைக்குள் சாமி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை) தொடங்க முன் கத்தியை வைத்துக் கும்பிடும் கவ்வாத்துச் சாமி, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோதைமுனி, மலையடியில் கல்லாய் நிற்கும் முனியாண்டி. வேலைத்தள ஆன்மிகம் என்று தேடினால் மலையகத்தில் கண்ணில் படுவது இதுதான். வெளிநாட்டு அளவுகோலில் இதற்கு ஒரு வினாவும் கிடையாது.

ஒவ்வொரு கும்பிடலிலும் ஐந்து விஷயத்தைக் குறியுங்கள். யார் செலவு? யார் முன்னுக்கு நிற்பது? யார் வரக் கூடாது அல்லது வருவதில்லை? எந்த நேரத்தில், வேலை நேரத்திலா சொந்த நேரத்திலா? அந்த நேரத்துக்குப் பேர் விழுகிறதா (செக்ரோலில் வேலையாகப் பதிகிறதா)?

கடைசிக் கேள்விதான் ஆய்வையே திருப்பும். பூசைக்குப் போன அரை மணி நேரத்தை நிர்வாகம் வேலை நேரமாகக் கணக்கில் எடுத்தால் அது நிர்வாகமும் ஏற்றுக்கொண்ட சடங்கு. எடுக்காவிட்டால் தொழிலாளர் தங்கள் நேரத்தைக் கொடுத்துச் செய்வது. இரண்டும் கண்ணுக்கு ஒரே பூசைதான். அர்த்தம் வேறு.

மூன்றாவது கேள்வியில் கவனம். கமிட்டியில் பெரும்பாலும் ஆண்கள். மலையில் பெரும்பாலும் பெண்கள். தீட்டு நாளில் சில கல்லுக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிப் போவார்கள், அதனால் நிரை மாறும், சில நேரம் கிலோவும் மாறும். சபைக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கவ்வாத்துச் சாமியிடம் எட்டி நிற்பார்கள். இவற்றைக் கண்ணால் பார்த்தவர் மட்டுமே பிறகு சரியாகக் கேட்க முடியும்.

குறிப்பு எடுப்பது பற்றி: இடத்தில் நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் கம்பனி ஆள் என்று நினைப்பார்கள். அங்கே சொற்களை மட்டும் குறியுங்கள். அன்று இரவே விரித்து எழுதுங்கள். 1 மணி நேர அவதானிப்புக்கு 2 மணி நேர எழுத்து என்று வையுங்கள். அடுத்த நாளுக்குத் தள்ளினால் பேச்சின் சொல் போய்விடும், உங்கள் சொல்தான் மிஞ்சும்.

மேட்டுலயம்

அப்படியானால் வினாக்கொத்தே வேண்டாம் என்கிறீர்களா? மேற்பார்வையாளருக்கு எண் வேண்டும்.

எண்கணக்கு

யார் சொன்னது வேண்டாம் என்று? எண் இல்லாமல் ‘பலர் கூறினர்’, ‘சிலர் உணர்ந்தனர்’ என்று ஆய்வேடு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலர் என்றால் எத்தனை? 3 தோட்டத்தை ஒப்பிட வேண்டுமென்றால் எண்ணத்தான் வேண்டும். கேட்கும் விதத்தை மாற்றினால் போதும்.

ஒன்று, தாளைக் கையில் கொடுக்காதீர்கள். ஆள் வாசித்துக் கேட்க வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் கட்டாகக் கொடுத்து மாலையில் வாங்கினால் 300 தாளும் நிரம்பி வரும், ஒரே கையெழுத்தில்.

இரண்டு, 5 புள்ளியை ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். ‘மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை’ என்று வாசித்து முடிக்க முன் கேட்பவர் வினாவை மறந்துவிடுவார். இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில் “ஆமாவா, இல்லையா?” பிறகு “முழுசாவா, கொஞ்சமாவா?” எதுவும் சொல்ல முடியாதவரை நடுவில் போடுங்கள். அதே 5 புள்ளி கிடைக்கும், ஆள் களைக்காது. படம் காட்டுவதென்றால் சிரிக்கும் முகம் வேண்டாம், அது அன்றைய மனநிலையை அளக்கும். கொழுந்துக் கூடை வரைவதும் தப்பு. நிறைந்த கூடை என்றால் நல்ல வேலைக்காரி என்று பொருள், எல்லோரும் நிறைந்ததையே தொடுவார்கள். தண்ணீர்க் குடம் வரையுங்கள்: வெறுங்குடம், கால், அரை, முக்கால், நிறைகுடம்.

மூன்று, எல்லா வினாவுக்கும் “ஆமாங்க” சொல்லும் பழக்கம். அப்படி வந்தால் குரோன்பாக் அல்ஃபா (வினாக்களின் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.95 வரும். அதைப் பார்த்து மகிழ்ந்து நம்பகத்தன்மை மிக உயர்வு என்று எழுதுவார்கள். அது மரியாதையின் அல்ஃபா. எதிர்மறை வினாவைச் சேர்த்தால் சரியாகும் என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆனால் தமிழில் ‘இல்லை’ போட்ட வினாவுக்கு ‘ஆமா’ சொன்னால் ஒத்துக்கொண்டதா மறுத்ததா என்று தெரியாது. அதற்குப் பதிலாக இரண்டு கூற்றைச் சேர்த்துக் கொடுத்துத் தெரியச் சொல்லுங்கள். “சில பேர் சம்பளம் வந்தா போதும்னு நினைக்கிறாங்க. சில பேர் கொழுந்து நல்லா இருந்தாத்தான் மனசு நிறையுதுன்னு நினைக்கிறாங்க. நீங்க எந்தப் பக்கம்?” இரண்டும் மானமான விடை என்பதால் மறைக்க வேண்டியதில்லை.

ஊவாக்காரி

மொழிபெயர்ப்புப் பற்றி யாரும் தொடவில்லையே.

வழக்கமாகச் செய்வது: ஒருவர் தமிழாக்குவார், இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிட்டுச் சரி என்பார்கள். பிரிஸ்லின் 1970இல் எழுதிய முறை. இதில் ஓட்டை எங்கே என்றால், இரண்டு பேரும் கெம்பஸ் ஆட்கள். ‘ஆன்மா’ என்று ஒருவர் போட்டால் மற்றவர் பிசகாமல் திருப்பிவிடுவார். தாளில் பொருந்தும், மலையில் பொருந்தாது. தோட்டத்தில் ஆன்மா என்ற சொல் அதிகம் காதில் விழுவது கண்ணீர் அஞ்சலியில். ஆன்மா சாந்தியடைய. ‘என் வேலை என் ஆன்மாவுக்கு உற்சாகம் தருகிறது’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார்? ‘ஆன்மிகம்’ என்றால் தொலைக்காட்சியில் காலையில் வரும் சொற்பொழிவு. ‘விழுமியம்’ என்ற சொல் பிரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) யார் வாயிலும் வருவதில்லை.

ஆகவே அறிவாற்றல் நேர்காணல் கட்டாயம். 8 முதல் 10 பேர் போதும். ஒவ்வொரு வினாவையும் வாசித்து, பதிலைக் கேட்காமல், “நான் என்ன கேட்டேன்னு உங்க பேச்சுல சொல்லுங்க” என்று கேளுங்கள். பாதிப் பேர் வேறொன்றைச் சொன்னால் வினாவை மாற்றி, புதிதாக 5 பேரிடம் மறுபடி பாருங்கள். இரண்டு சுற்று, ஒரு வாரம். இதைத் தவிர்த்து 30 பேரிடம் முன்னோடி ஆய்வு செய்து அல்ஃபா பார்ப்பவர்கள், எல்லோரும் ஒன்றுபோலத் தப்பாக விளங்கிக்கொண்டதைத்தான் அளக்கிறார்கள்.

சொல் தேர்வில்: ஆன்மாவுக்கு ‘மனசு’, சில இடத்தில் ‘உசுரு’. அர்த்தமுள்ள வேலை என்பதற்கு ‘செஞ்ச வேலைக்கு ஒரு பேரு இருக்கு’ என்று போடத் தோன்றும். போடாதீர்கள். பேர் என்றால் செக்ரோலில் விழும் பேர். அரைப்பேர் (அரை நாள் வேலை) போட்ட நாளில் கேட்டால் கோபம் வரும்.

ஆசியாவுக்கே செய்தது இருக்கிறது, பெட்சாவாங்கும் டூஷோனும் 2009இல் தாய்லாந்தை வைத்து அமைத்தது: கருணை, விழிப்புநிலை, அர்த்தமுள்ள வேலை, தன்னைக் கடந்த நிலை. கருணைக் கூறு தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும், நிறை குறைந்தவளுக்குக் கொழுந்து அள்ளிப் போடுவது போன்ற செயலாக அதை மாற்றிக் கேட்கலாம். விழிப்புநிலை பௌத்தத் தியானச் சூழலில் எழுந்த எண்ணம். அப்படியே தூக்கி வைக்க வேண்டாம்.

கவ்வாத்துக்கத்தி

நீங்கள் எல்லோரும் முறையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆய்வுக் கேள்வியையே கேட்கிறேன். ஆன்மிகம் கூடினால் வேலைத் திருப்தி கூடுமா என்று கண்டுபிடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? கம்பனிக்கு. அவர்கள் கோயிலுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு 2 கிலோ கூட்டிக் கேட்பார்கள். சம்பளம், கடன், தண்ணீர், கூரை எதுவும் இல்லாத பின்னடைவுச் சமன்பாட்டில் ஆன்மிகம் வென்றுதான் தீரும், ஓட்டத்தில் அது ஒன்றுதானே ஓடுகிறது.

எண்கணக்கு

அரசியலை விட்டுப் பார்த்தாலும் அவர் சொல்வது புள்ளியியலில் சரி. விடுபட்ட மாறிப் பிழை. கடந்த மாதம் விழுந்த பேர், அரைப்பேர் எத்தனை, அட்வான்ஸ் கழிவு, வீடு லயமா தனி வீடா, வயது, மதம், கங்காணி உறவினரா. இவ்வளவும் வேண்டும். ஆனால் ஒரு மாறிக்கு 10 முதல் 15 பேர் என்ற கணக்கில் பயனுள்ள மாதிரி 158க்கு 10 மாறிக்கு மேல் போடாதீர்கள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று. ஆன்மிக அளவுகோலில் ‘பெரும்பாலான நாட்களில் வேலைக்கு வர ஆசையாக இருக்கிறது’, ‘வேலையில் மகிழ்ச்சி’ என்பது போன்ற வினாக்கள் இருக்கின்றன. திருப்தி அளவுகோலிலும் ‘என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது’. இரண்டும் ஒரே கேள்வி. இணைபுக் குணகம் 0.7 வந்தால் அது கண்டுபிடிப்பாகாது, ஆளை அதே ஆளோடு ஒப்பிட்டதுதான். இரண்டு அளவுகோலின் எல்லா வினாவையும் ஒரே காரணிப் பகுப்பாய்வில் (எந்த வினாக்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கில்) போடுங்கள். ஒரே காரணியில் ஒட்டினால் அந்த வினாக்களை வெட்டுங்கள். வெட்டிய பிறகும் உறவு மிஞ்சினால் பேசலாம்.

ஸ்டோர்மணி

திருப்தியை அதே ஆளிடம் அதே நாளில் கேட்பதால்தான் இந்தச் சிக்கல். விளைவை வேறு மூலத்திலிருந்து எடுங்கள். செக்ரோல் இருக்கிறதே.

ஆனால் அதிலுள்ள எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். வேலைக்கு வந்த நாள் என்பது தோட்டம் வேலை கொடுத்த நாளையும் பொறுத்தது. வந்த நாளை வேலை கொடுத்த நாளால் வகுங்கள். 18 நாள் வந்தவள், 18 நாள்தான் வேலை இருந்திருந்தால் முழு வரவு. 25இல் 18 என்றால் வேறு கதை.

கிலோவை வைத்து ஆளை ஆளோடு ஒப்பிடுவதும் பிழை. வி.பி. (தண்டு நட்டு வளர்த்த தேயிலை) மலையா பழைய விதைத் தேயிலையா, கவ்வாத்து முடிந்து எத்தனையாவது வருடம், மலை எவ்வளவு சரிவு, மழை, கொழுந்துச் சுற்று எத்தனை நாள். இவைதான் கிலோவைத் தீர்மானிக்கின்றன. ஒப்பிட வேண்டுமானால் ஒரே கூட்டம், ஒரே மலை, ஒரே கிழமை. அந்தக் கூட்டத்தின் சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகுகிறார் என்று எடுங்கள். மேற்குச் சரிவில் ஏப்ரல், மே மாதக் கொழுந்தையும் வரட்சி மாதக் கொழுந்தையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் வானிலையைத்தான் ஆய்ந்திருப்பீர்கள்.

ஸ்டோர் ஆட்களுக்குக் கிலோவே கிடையாது. அவர்களுக்கு இராவேலை முறை மாறுவதால், பகல் முறை ஆளையும் இராவேலை ஆளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கொழுந்துமடுவம்

நேர்காணலுக்கு வருவோம். 6 மாதத்தில் எத்தனை முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரே தன்மையுள்ள குழுவுக்கு 12 நேர்காணல் அளவில் புதிய விஷயம் வருவது குறையத் தொடங்கும். கொழுந்தெடுக்கும் பெண்கள், கவ்வாத்து ஆண்கள், ஸ்டோர், ஸ்டாப் (உத்தியோகத்தர்) என்று நாலு குழு எடுத்தால் 48. வேண்டாம். இரண்டு குழு, 24. ஒன்று 45 நிமிடம் என்றால் 18 மணி நேர ஒலி. தோட்டத்துப் பேச்சை எழுத்தாக்க 1 மணி நேர ஒலிக்கு 5, 6 மணி நேரம். ஆக, 100 மணி நேரம் தட்டச்சு மட்டும்.

கேட்கும் விதம்: ‘வேலை உங்களுக்கு ஆன்மிக நிறைவு தருகிறதா’ என்று நேரே கேட்டால் “சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம்” என்பதோடு முடிந்துவிடும். நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஃபிளனகன் 1954இல் சொன்ன முக்கிய நிகழ்வு முறை இதற்கு மிகப் பொருத்தம். “வேலை முடிஞ்சு வரும்போது மனசு நிறைஞ்சிருந்த நாள் ஒன்னு சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு? யாரு கூட இருந்தாங்க?” அடுத்தது எதிர்ப்பக்கம்: “இனி இந்த மலைப் பக்கமே வரக் கூடாதுன்னு நினைச்ச நாள்?” இந்த இரண்டும் போதும், மிச்சம் அவர்களே சொல்வார்கள். “கும்பிடாம போன நாள்ல மனசு எப்படி?” என்பதைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் பேட்டி முழுக்கப் பக்தியாகிவிடும்.

இடமும் நேரமும்: லயத்து வாசலில் பேசினால் பத்துக் காம்பராவும் கேட்கும். கோயிலில் பேசினால் யாரும் சாமிக்கு எதிராகச் சொல்ல மாட்டார்கள். ஆபீசில் கூடவே கூடாது. வேலை முடிந்த பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிப்பு நிலையம்), நூலகம், பாலர் வகுப்பு நடக்கும் அறை பரவாயில்லை. மாலையில் பெண்களுக்குத் தண்ணீர், அடுப்பு, பிள்ளை. ஞாயிறு பிற்பகல்தான் ஓரளவு மூச்சு விடும் நேரம். பெண்களைப் பெண்தான் பேட்டி காண வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்த குழுக் கலந்துரையாடலில் தலைவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

பகுப்பாய்வைத் தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலமாக்கிவிட்டுக் குறியீடு இட்டால் ‘மனசு’, ‘மனசாட்சி’, ‘மானம்’ மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சொல்லாகி, உங்கள் தரவில் பிரிந்து கிடந்தது ஒன்றாகிவிடும். மேற்கோளை மட்டும் கடைசியில் பெயர்த்துக்கொள்ளலாம்.

ஊவாக்காரி

மலையில் ஒலிப்பதிவு செய்வதென்றால் சட்டையில் குத்தும் மைக்குக்குப் பஞ்சு மூடி போடுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் காற்று அடித்தால் போனில் சூ சூ என்பது தவிர ஒன்றும் இருக்காது.

பிரட்டுக்களம்

அனுமதி, ஒப்புதல் இரண்டையும் யாரும் சொல்லவில்லை.

துரையிடம் அனுமதி வாங்கியதும் பாதி ஆய்வு கெட்டது. துரை அனுப்பிய ஆள் என்று பெயர் வந்துவிடும். அதற்காக வாங்காமலும் போக முடியாது. துரையிடமும் தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் ஒரே கிழமையில் போங்கள். சங்கம் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லோரிடமும். மாதிரியைத் தெரிவது நீங்கள்தான், பெயர் கொடுப்பது அவர்கள் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கையொப்பத் தாள்: குடியுரிமையைப் பறித்த 1948 குடியுரிமைச் சட்டம், பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தம் என்று தாளில் ஊர் மாறிய சமூகம் இது. கையெழுத்துக் கேட்டால் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை ‘மறுப்பு’ என்று பதிந்துவிடாதீர்கள். ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு, வாய்மொழி ஒப்புதலை ஒலியில் பதிய அனுமதி வாங்குங்கள்.

மத நம்பிக்கை பற்றிய தகவல் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்பு வகைத் தரவு. செக்ரோல் இலக்கத்தையும் மதத்தையும் ஒரே எக்செல் தாளில் வைக்க வேண்டாம். இலக்கத்துக்குக் குறியீட்டு எண், குறியீட்டுப் பட்டியல் வேறு இடத்தில். 3 தோட்டத்தின் பெயரையும் ஆய்வேட்டில் போடாதீர்கள். 40 பேர் வேலை செய்யும் ஸ்டோரில் ‘ஒரு கிறிஸ்தவ ஆண், 50 வயது’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நானுஓயா_தாதி

தோட்டம் இல்லாமல், மாவட்ட வைத்தியசாலைத் தாதியரிடமும் ஆசிரியர்களிடமும் இதே தலைப்பில் செய்தால்?

எண்கணக்கு

அங்கே வினாக்கொத்து நன்றாக ஓடும். வாசிப்பார்கள், தாங்களே நிரப்புவார்கள், வீடு வேறு வேலை வேறு. சிக்கல் இரு மொழி. சிங்களத்திலும் தமிழிலும் கொடுத்துவிட்டு இரண்டு குழுவின் சராசரியை நேரே ஒப்பிடாதீர்கள். அளவீட்டு மாறாமை (இரு மொழியிலும் வினாக்கள் ஒன்றையே அளக்கின்றனவா என்று) பார்க்க வேண்டும்: முதலில் அதே காரணி அமைப்பா, பிறகு சுமை சமமா, பிறகு வெட்டுத்துண்டு சமமா. படிக்குப் படி சிஎப்ஐ (மாதிரியுருவின் பொருத்தத்தைக் காட்டும் எண்) 0.01க்கு மேல் விழுந்தால் அங்கேயே நில்லுங்கள். மொழிக்கு 200 பேராவது வேண்டும். இரவு முறை முடிந்த காலையில் தாதியிடம் தாள் நீட்டாதீர்கள். ஆன்மிக அளவு குறைவாக வரும், காரணம் தூக்கம்.

மேட்டுலயம்

எல்லோருக்கும் நன்றி. முன்மொழிவைத் திருப்பிப் போட்டேன். தலைப்பிலிருந்து ‘வேலைத் திருப்தி’ போய்விட்டது. இப்போது கேள்வி: தோட்ட வேலையில் தொழிலாளர் எதை மனசுக்கு நிறைவாகக் காண்கிறார்கள், அதில் நிர்வாகத்தின் பங்கு எது, அவர்களுடையது எது?

1 தோட்டத்தில் 10 நாள் அவதானிப்பு, முதல் மாதம். 2, 3ஆம் மாதம் கொழுந்துப் பெண்கள் 12, கவ்வாத்து ஆண்கள் 12 நேர்காணல், பெண்களுக்குப் பெண் உதவியாளர் ஒருவர். அதிலிருந்து 12 வினா, தோட்டத்துச் சொல்லில். 4ஆம் மாதம் 8 பேரிடம் அறிவாற்றல் நேர்காணல், இரண்டு சுற்று. 5ஆம் மாதம் 3 தோட்டத்திலும் 30 கூட்டம், கூட்டத்துக்கு 10 பேர், 2 பேர் கைக்காசுக்காரர் உட்பட, ஆள் வாசித்துக் கேட்பது. வரவு விகிதம் ஒப்புதலோடு செக்ரோலில். கைக்காசுக்காரருக்கு அது கிடைக்காது, அவர்களைத் தனியாகக் காட்டுவேன். 6ஆம் மாதம் எழுத்து.

5ஆம் மாதம் கணக்குப்படி ஒக்டோபர், நவம்பரில் விழுகிறது. பரவாயில்லையா?

எண்கணக்கு

வரிசை சரி. 30 கூட்டம், 10 பேர் என்றால் நாளுக்கு 3 கூட்டத்துக்கு மேல் முடியாது, மழை நாளைக் கழித்து 3 கிழமை ஒதுக்குங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், கேட்டவர் பெயர் எழுதுங்கள். கேட்டவருக்குக் கேட்டவர் சராசரி மாறுகிறதா என்று முதல் 60 தாளிலேயே பாருங்கள்.

கொழுந்துமடுவம்

ஒக்டோபர், நவம்பர் சரிவராது. தீபாவளி அங்கேதான். நிர்வாகம் பண்டிகை அட்வான்ஸ் கொடுக்குமா, எவ்வளவு என்று தோட்டமே பேசிக்கொண்டிருக்கும் கிழமையில் நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டால் அட்வான்சைப் பற்றித்தான் பதில் வரும். தீபாவளிக்கு முந்தின 3 கிழமையும் பிந்தின 1 கிழமையும் விட்டுவிடுங்கள். அல்லது அவதானிப்பை அந்தக் கிழமைகளுக்குத் தள்ளி, வினாக்கொத்தை ஜனவரிக்குக் கொண்டுபோங்கள். தைப்பொங்கல் கிழமையைத் தவிர்த்து.

பிரட்டுக்களம்

ஜனவரி என்றால் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் ஓடும். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்று உங்கள் மூன்றில் இருந்தால் அங்கே வினாக்கொத்தைச் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினங்களில் வைக்காதீர்கள். ஆட்கள் கடை போடப் போயிருப்பார்கள்.